ஐந்தில் ஒரு பங்கு

அந்த வருடம் மட்டும் லோசானை மூன்று இடங்களிலிருந்து விரட்டியிருந்தார்கள். மூன்று இடத்திலும் அவன் செய்த குற்றம் ஒன்றேதான்: வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, வருகிறவர்களின் கார்களுக்கு டயர் மாற்றிக் கொடுத்தது. பெரிய பலசரக்குக் கடையின் வாசலில் பதினோரு நாள் ஓடியது. பிறகு காவலாளி வந்து, வாடிக்கையாளர் கார் நிறுத்துகிற இடத்தை அடைக்கிறாய் என்றான். மூடிக் கிடந்த நெசவாலையின் முன்னால் நான்கு நாள். பெட்ரோல் பங்க் மேனேஜர் வருமானத்தில் சரிபாதி கேட்டார். லோசான் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தான். சீசன் சூடு பிடித்த வாரத்தில் அதே இடத்தில் மேனேஜரின் மைத்துனன் சொந்த வேனோடு வந்து நின்றான்.

வேனுக்குச் சக்கரம் இருக்கிறதே, அதற்கு எதற்கு இடம் என்று கேட்பவர்கள் அந்தத் தொழிலைச் செய்து பார்த்ததில்லை. இன்று இந்தத் தெரு, நாளை அந்தத் தெரு என்று அலைகிறவனைத் தேடி யாரும் நான்கு டயரைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். "அங்கேதான் இருப்பான்" என்று ஊர் சொல்ல வேண்டும். லோசான் முன்பு வைத்திருந்த பட்டறையை வாடகை விழுங்கிவிட்டது. வங்கிக் கடனில் வாங்கிய இந்த வேனுக்குள் டயர் கழற்றும் மெஷின், கம்ப்ரசர், ஜெனரேட்டர் எல்லாம் அடக்கம். நிற்க ஒரு துண்டுத் தரை மட்டும்தான் இல்லை.

அக்டோபர் கடைசியில் அவன் தோன்காவின் சலூன் கதவைத் தட்டினான். கப்ரோவோ ஊரில் பாதிப் பெண்களின் தலை அவள் கையில்தான் இருந்தது. சலூனுக்குப் பக்கத்தில் ஆறு கார் நிற்கும் அளவுக்குச் சிமெண்டுத் தரை சும்மா கிடந்தது. ஐம்பத்தைந்து வயது தோன்கா சீப்பைக் காதில் செருகிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு காருக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"

"நாப்பது நிமிஷம் அக்கா."

"தலைக்குச் சாயம் பூசி ஊற வைக்கவும் நாப்பது நிமிஷம்தான்." அவள் ஜன்னல் வழியாகத் தரையைப் பார்த்தாள். "பொம்பளைங்க இங்க உக்காந்திருக்கிற நேரத்துல கார் ரெடி. சரி, என்ன தருவே?"

"வாடகையா ஒரு தொகை சொல்லுங்க."

"வாடகை வேணாம். வேலையில்லாம ஈ ஓட்டுற நாள்லயும் நீ வாடகை குடுக்கணும். அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தாலே உனக்கு எரிச்சல் வரும். கிடைக்கிற லாபத்துல அஞ்சுல ஒரு பங்கு குடு. கிடைக்காத நாள்ல ஒண்ணும் குடுக்காதே."

"செலவு போகவா, செலவோட சேர்த்தா?"

"செலவு போகத்தான். நான் என்ன கொள்ளைக்காரியா?"

கப்ரோவோக்காரர்களின் கஞ்சத்தனம் பல்கேரியா முழுக்கப் பிரசித்தம். மற்ற ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்த ஊர்க்காரர்கள் அதையே இன்னும் நன்றாகச் சொல்லிச் சிரித்துவிட்டு, சிரிப்பையும் மிச்சம் பிடிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி தானாகவே வாடகை வேண்டாம் என்றது லோசானுக்குப் புதிதாக இருந்தது. எத்தனை நாளைக்கு இடம் என்று கேட்டான்.

"முதல்ல நவம்பர் முடியட்டும். அப்புறம் பேசுவோம்," என்றாள் தோன்கா.

அந்த "அப்புறம் பேசுவோம்" அவனுக்குப் பிடிக்கவில்லை. மூன்று இடத்திலும் அவன் கேட்ட வார்த்தை அதுதான். டயர்க்காரனுக்கு வருடத்தில் இரண்டே அறுவடை: பனியில் வழுக்காத குளிர்கால டயர் மாட்டும் நவம்பர், அதைக் கழற்றும் ஏப்ரல். நவம்பரில் இடம் கிடைத்து ஏப்ரலில் பறிபோனால் வேன் வங்கிக்குப் போய்விடும்.

வீட்டில் மனைவி ரொசீத்சா வேறு பிடித்துக்கொண்டாள். "ஒரு துண்டு சிமெண்டுக்கு அஞ்சுல ஒண்ணா? அந்தம்மா என்ன கூட நின்னு ஸ்பானர் பிடிக்கிறாளா?"

ஸ்பானர் பிடிக்கவில்லை. ஆனால் வாயால் தோன்கா செய்த வேலையை லோசானின் கம்ப்ரசர்கூடச் செய்திருக்காது. தலையில் சாயத்தோடு அகப்பட்டு உட்கார்ந்திருப்பவர்களைத் திருப்பி ஜன்னலைப் பார்க்க வைப்பாள். "அதோ உன் வீட்டுக்காரர் கார். டயரைப் பாரு, அவர் தலையை விட வழுக்கையா இருக்கு. தலைக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. டயருக்கு வெளியில ஆள் இருக்கான்." அரை மணி நேரத்தில் அந்த வீட்டுக்காரர் டயர்களோடு வந்து நிற்பார். கழற்றிய கோடை டயர்களை வீட்டில் வைக்க இடமில்லாதவர்கள் லோசானிடமே விட்டுப் போனார்கள். இரண்டே வாரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் அறுபது டயர் சேர்ந்துவிட்டது.

தினமும் மாலையில் அவன் பங்கைக் கொண்டுபோய்க் கொடுப்பான். தோன்கா அவன் எதிரிலேயே எண்ணிப் பார்ப்பாள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. எண்ணாமல் வாங்குகிறவர்கள் பிறகு மனதுக்குள் எண்ணுவார்கள். சில நாள் அவள் ஒரு துண்டு பனித்சா அடையைக் காகிதத்தில் சுற்றி, சீஸ் வழிய வழிய அவன் கையில் திணிப்பாள். அப்போதெல்லாம் நன்றி சொல்ல அவனுக்கு நாக்கு நுனி வரை வரும். சொன்னால் ஏப்ரலுக்கு அடி போடுகிறான் என்று நினைப்பாளோ என்று விழுங்கிவிடுவான்.

நவம்பர் பதினான்கு, சனிக்கிழமை. மறுநாளிலிருந்து குளிர்கால டயர் இல்லாத கார்களைப் போலீஸ் பிடிக்கும். அதே மறுநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை நோன்பு, தேவாலயத்தில் கல்யாணம் கிடையாது. எனவே டயரைத் தள்ளிப் போட்டவர்கள் எல்லாம் அன்று வந்தாக வேண்டும், கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவர்களும் அன்றுதான் முடித்தாக வேண்டும். லோசானின் நோட்டில் பதினாறு கார். தோன்காவின் நோட்டில் ஒரு மணப்பெண், அவளுடைய தாய், ஐந்து தோழிகள். வருடத்திலேயே பெரிய நாள் இருவருக்கும் ஒன்றாக வந்து விழுந்தது.

விடிந்தும் விடியாத நேரத்தில் லோசான் வேனைத் திறந்துகொண்டிருந்தபோது சலூன் கதவு திறந்தது. தோன்கா கையில் ஒரு செம்பு, அதன் வாயில் பச்சை இலைக் கொத்து. அவள் எதுவும் பேசாமல் வந்து, வேனுக்கு முன்னால் தரை நெடுகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனாள்.

"போ, தண்ணி மாதிரி ஓடட்டும் உன் வேலை," என்று சொல்லிவிட்டுச் செம்பை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு, பட்டாளத்துக்குப் போகிற மகனுக்கு வாசலில் அப்படித் தண்ணீர் ஊற்றுவார்கள். லோசானுக்குக் கடைசியாக ஊற்றியது அவன் அம்மா, அவன் பட்டாளத்துக்குப் போன அன்று. அதற்குப் பிறகு பட்டறை திறந்தபோதுகூட யாருக்கும் தோன்றவில்லை. அவன் கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டு நின்றான்.

ஆனால் அன்று காலை மைனஸ் நாலு டிகிரி. வேனுக்குள் அரை மூட்டை உப்பு இருந்தது. தரையில் தூவினால் ஐஸ் பிடிக்காது என்று அவன் வாங்கி வைத்தது. ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு இறங்கியும் விட்டான். தரையில் தண்ணீர் மினுங்கியது. தனக்காக ஊற்றப்பட்ட ஆசீர்வாதத்தின் மேல் உப்பைக் கொட்ட அவனுக்கு மனம் வரவில்லை. கையிலிருந்ததை மூட்டைக்குள்ளேயே திரும்பப் போட்டான். பிற்பாடு யோசித்தபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது: ஊரில் எல்லோருக்கும் ஐஸைப் பற்றி உபதேசம் செய்கிறவன் அவன்தான்.

எட்டு மணிக்கு முதல் கார் வந்தது. மின்சோ பெரியவருடையது. முப்பது வருடம் ஷிப்கா கணவாயில் பஸ் ஓட்டி ஒரு கீறல் விழாமல் ஓய்வு பெற்றவர்; அந்தக் கதையை இதுவரை கேட்காதவர்கள் ஊரில் பச்சைக் குழந்தைகள் மட்டும்தான். நடக்கிற வேகத்தில்தான் வளைந்து உள்ளே வந்தார். கோடை டயர் ஐஸின் மேல் ஏறியது, பிரேக்கை மிதித்தார், கார் நிற்கவில்லை. சாவகாசமாக, யாரும் ஒன்றும் செய்ய முடியாதபடி, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய் சலூன் ஜன்னலில் முட்டியது. முழங்கால் உயரத்திலிருந்து கூரை வரை இருந்த கண்ணாடி ஒரு கணம் யோசித்துவிட்டு, மொத்தமாகக் கீழே கொட்டியது.

தோன்கா உள்ளறையிலிருந்து காபிப் பாத்திரத்தோடு ஓடி வந்தாள். "யாருக்காவது அடி பட்டுதா?"

யாருக்கும் இல்லை. மின்சோ காரிலிருந்து இறங்கி, தன் காரையே முன்பின் தெரியாத மிருகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். தோன்கா கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தாள், தரையிலிருந்த ஐஸைப் பார்த்தாள், சில்லுகளுக்கு நடுவில் உருண்டு கிடந்த செம்பைப் பார்த்தாள். லோசானுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது, இது நான்காவது இடம் என்று.

"ஒன்பது மணிக்குப் பொண்ணு வர்றா," என்றாள் தோன்கா, தனக்குத்தானே பேசுவது போல. "ஈரத்தலையோட இந்தக் குளிர்ல எப்படி உக்கார வைப்பேன்? கல்யாணத்தன்னிக்கு இன்னொரு சலூன் தேடி எங்க போவா?"

கண்ணாடிக்காரனுக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமைதான் வர முடியும் என்றான். போனை வைத்துவிட்டுச் சுழல் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். குளிர்காற்று உள்ளே வந்து மேஜையிலிருந்த காகிதங்களைப் புரட்டியது.

லோசான் தார்ப்பாயை இழுத்தான். அறுபது கோடை டயர். "பெரியவரே, இடுப்பு வலி இருக்கா?" என்று மின்சோவைக் கேட்டான்.

"இருந்தா மட்டும்? குடு," என்றார் மின்சோ.

ஜன்னல் சட்டத்துக்குள் டயர்களைப் படுக்க வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக, நெருக்கி நெருக்கி அடுக்கினார்கள். டயர் சுற்றும் பிளாஸ்டிக் சுருளை எடுத்து லோசான் அந்தக் கறுப்புச் சுவரின் வெளிப்பக்கத்தை நாலு அடுக்காக மூடினான். காற்று நின்றது. ஆனால் அதற்குள் அறை ஐஸ் பெட்டியாகியிருந்தது. தோன்கா மின் ஹீட்டரைப் போட்டாள். ஹேர் டிரையரையும் போட்டதும் ஃபியூஸ் போய்விட்டது. மாற்றிப் போட்டாள். மறுபடியும் போனது. பழைய கட்டடத்தின் வயரிங் அவ்வளவுதான் தாங்கும்.

லோசான் தன் ஜெனரேட்டரைப் பார்த்தான். டயர் மெஷினும் கம்ப்ரசரும் ஓட அதன் சக்தி சரியாகப் போதும். ஹீட்டரை அதில் மாட்டினால் வேறு எதுவும் ஓடாது. வெளியே அதற்குள் நான்கு கார் வரிசையில் நின்றன. பதினாறு காரின் வருமானத்தில்தான் அந்த மாதத் தவணை இருந்தது. எப்படியும் மாலையில் இந்த இடத்தை விட்டுப் போகச் சொல்லப் போகிறாள். சம்பாதிக்கிறவரை சம்பாதித்துக்கொண்டு போய்விடு என்று மனதுக்குள் ரொசீத்சாவின் குரல் சொன்னது. அது தப்பான யோசனையும் இல்லை.

அவன் கேபிளை இழுத்துக்கொண்டு சலூனுக்குள் போய் ஹீட்டரை மாட்டினான். "டிரையர் எல்லாம் உங்க லைன்ல ஓடட்டும் அக்கா. ஹீட்டர் என் பொறுப்பு."

"உன் மெஷின்?"

"அதுக்கும் இன்னிக்குக் கல்யாண லீவுன்னு வச்சுக்குங்க."

வெளியே வந்து வரிசையில் நின்றவர்களிடம் ஒரு மணிக்கு மேல் வரச் சொன்னான். மூன்று பேர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் பெட்ரோல் பங்க் மைத்துனனிடம் போனார். அப்புறம் வந்தவர்களில் பாதிப் பேரும் அங்கேதான் போனார்கள்.

மணப்பெண் இவெலினா வந்தபோது டயர்ச் சுவரைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் அம்மா முகம் வெளிறிப் போனது.

"என்னக்கா இது? கல்யாணமா, கார் ரேஸா?" என்றாள் இவெலினா.

"உள்ள வா. தண்ணி ஊத்தினேன், கொஞ்சம் அதிகமா ஓடிடுச்சு," என்றாள் தோன்கா.

அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். தோழிகளும் சிரித்தார்கள். பிறகு அம்மாவுக்கும் வேறு வழியில்லை. அறை கதகதப்பாக இருந்தது. ரப்பர் வாசனையை மறைக்க மின்சோ காபி போட்டுக்கொண்டே இருந்தார். அவரை வெளியே போகச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். பன்னிரண்டரை மணிக்கு ஏழு தலைகளும் முடிந்தன. இவெலினா தலையில் வெள்ளைப் பூவோடு டயர்ச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள், லோசானையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி.

ஒரு மணிக்கு மேல் அவனால் முடிந்தது ஐந்து கார்தான். ஐந்து மணிக்கு இருட்ட ஆரம்பித்தது. அவன் அன்றைய லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு சலூனுக்குள் போனான். தோன்கா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மின்சோ நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது பங்கு அக்கா," என்று மேஜையில் வைத்தான். "ஜன்னல் செலவு முழுக்க என்னோடது. தவணையில குடுத்துடறேன். வேனை நாளைக்குக் காலையில எடுத்துடறேன்."

தோன்கா பெருக்குவதை நிறுத்தினாள். "தண்ணி ஊத்தினது யாரு?"

"நீங்க. ஆனா என்கிட்ட உப்பு இருந்துச்சு. கையில எடுத்துட்டு, போடாம வச்சுட்டேன்."

"ஏன் போடலை?"

லோசான் தரையைப் பார்த்தான். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். "என் அம்மாவுக்கப்புறம் எனக்கு யாரும் ஊத்தினதில்லை அக்கா. அது மேல உப்புப் போட மனசு வரலை."

தோன்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "முட்டாப்பய," என்றாள் மெதுவாக. "மைனஸ் நாலுல தண்ணி ஊத்தினவளுக்குத்தான் முதல்ல புத்தி இருந்திருக்கணும். ஜன்னல் என்னோடது. என் செலவு."

"லாபத்துல நாலு பங்கு எனக்குன்னா, நஷ்டத்துலயும் நாலு பங்கு எனக்குத்தான். அதுதான் கணக்கு."

"அந்தக் கணக்கு நாம பேசினதுல இல்லை."

"பிரேக்கை மிதிச்சது நான்," என்றார் மின்சோ. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவருக்குக் காது சிவந்திருந்தது. "ஐஸ்ல பிரேக் மிதிக்கக் கூடாதுன்னு முப்பது வருஷம் மத்த டிரைவருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவன் நான். மூணா பிரிங்க. சீக்கிரம் பிரிங்க. கப்ரோவோவுல மூணு பேர் செலவை எனக்குக் குடு எனக்குக் குடுன்னு சண்டை போட்டாங்கன்னு வெளியில தெரிஞ்சா ஊர் மானமே போயிடும்."

தோன்கா சிரித்துவிட்டாள். அதோடு ஜன்னல் மூன்றாகப் பிரிந்தது.

பிறகு அவள் கல்லாவைத் திறந்து, அன்றைக்கு வந்த பணத்தை எடுத்து எண்ணினாள். செலவுக்கானதை ஒரு பக்கம் ஒதுக்கினாள். மிச்சத்தை ஐந்து கட்டாகப் பிரித்து, ஒரு கட்டை லோசான் முன்னால் தள்ளினாள்.

"இது என்ன அக்கா?"

"எண்ணிப் பார்த்துக்கோ. அஞ்சுல ஒரு பங்கு."

"எதுக்கு?"

"இடம் குடுக்கிறவங்களுக்கு அஞ்சுல ஒண்ணு. நாம பேசினது அதுதானே? இன்னிக்கு என் கடை நடந்தது உன் டயர் சுவத்துக்குள்ள, உன் கரண்ட்ல. பதினோரு காரை விட்டுட்டு எனக்கு இடம் குடுத்தே. இன்னிக்கு நான்தான் உன்கிட்ட குடியிருந்தேன்."

லோசான் அந்தக் கட்டைத் தொடவில்லை. அது கணிசமான பணம். அந்த மாதத் தவணைக்கு ஏறக்குறைய போதும். ஆனால் அவனை அசைத்தது பணம் இல்லை. பன்னிரண்டு வருடத் தொழிலில் அவன் கொடுத்ததை எண்ணியவர்கள் உண்டு. அவன் விட்டுக்கொடுத்ததை எண்ணியவள் இவள்தான். பதினோரு கார் என்று சரியாக எண்ணி வைத்திருந்தாள். அவனுக்குக் கண் நிறைந்தது, மறைக்க முயலவும் இல்லை. இரண்டு வாரமாக விழுங்கியதெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"நன்றி அக்கா. பனித்சாவுக்கும் நன்றி. தண்ணிக்கு நன்றி. அந்த வழுக்கைத் தலைக்காரங்களுக்கெல்லாம் நன்றி—"

"போதும், போதும்," என்று தோன்கா கையை உயர்த்தினாள். "நன்றி எல்லாத்தையும் இன்னிக்கே செலவு பண்ணாதே. மிச்சத்தை ஏப்ரலுக்கு வை. இந்த டயரையெல்லாம் இங்கயே திரும்ப மாட்டும்போது தேவைப்படும்."